பெரியவர் துப்பாக்கி கேட்டால்

வயது முதிர்ந்த பெற்றோரை அழைத்துவரும் பிள்ளைகள் எங்கள் முதியோர் நலப் பிரிவில் அவ்வப்போது எழுப்பும் வினா ஒன்று உண்டு. “அப்பா தற்காப்புக்குத் துப்பாக்கி வாங்க வேண்டும் என்கிறார். உரிமத்துக்கு மருத்துவச் சான்று கேட்கிறார்கள். எழுதித் தருவீர்களா? அவருடைய வயதுக்கு எந்த வகை சரியாக இருக்கும்?” மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் பெரிய தனி வீடுகளிலும், பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் முதியவர்கள் இருவராகவோ ஒருவராகவோ வாழ்கின்றனர். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கின்றனர். அமெரிக்காவில் குடியேறிய மகன், அங்கு அண்டை வீட்டாரிடம் கண்ட வழக்கத்தைத் தொலைபேசியில் பரிந்துரைப்பதும் நிகழ்கிறது. வினா வியப்பூட்டுவதாயினும் அதன் அடியில் உள்ள அச்சம் மெய்யானது. அதைச் சிரித்து ஒதுக்குதல் தகாது.

முதலில் சட்டநிலையைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறோம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும் இதை ஆள்கின்றன. சென்னையில் உரிமம் வழங்குபவர் மாநகரக் காவல் ஆணையர். விண்ணப்பதாரர் 21 வயது நிறைந்தவராக இருத்தல் வேண்டும். உச்ச வயது வரம்பு இல்லை. காவல்துறை விசாரணை, ஆயுதப் பயிற்சிச் சான்று, பாதுகாப்பாக வைத்திருப்பதற்கான உறுதிமொழி ஆகியவற்றுடன், உடலும் மனமும் நலமாக உள்ளன என்றும் போதைப் பொருளுக்கு அடிமையாகவில்லை என்றும் மருத்துவர் அளிக்கும் சான்றும் தேவை. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் உரிமம் 5 ஆண்டுகளுக்குச் செல்லும். கேட்டவருக்கெல்லாம் உரிமம் கிடைத்துவிடாது. உயிருக்கு உண்மையான அச்சுறுத்தல் உண்டு என்பதைக் காவல்துறை ஏற்க வேண்டும்.

“எந்த வகை” என்ற வினாவுக்கு வருவோம். இரட்டைக்குழல் துப்பாக்கியின் எடையும் அது சுடும்போது தோளில் தரும் உதைப்பும், எலும்புத் தேய்வு உள்ள எழுபது வயதுத் தோளுக்கு ஏற்றவை அல்ல. 2014ஆம் ஆண்டு கான்பூர்த் தொழிற்சாலை வெளியிட்ட ‘நிர்பீக்’ கைத்துப்பாக்கி ஏறத்தாழ அரைக் கிலோ எடையே உள்ளது. அதன் விலை அப்போதே ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாயைத் தாண்டியிருந்தது. எடை குறைவு என்பதால் எளிது என்று எண்ணிவிடக் கூடாது. இலேசான துப்பாக்கி சுடும்போது கையில் அதிகமாகத் துள்ளும். மூட்டுவாதத்தால் விரல் மடங்காதவரும், கைநடுக்கம் உள்ளவரும் அதைக் குறிபார்த்துச் சுடுவது கடினம். மருத்துவர் என்ற முறையில் எந்த வகையையும் நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

மருத்துவச் சான்று கேட்டு வருபவர்கள், இரத்த அழுத்தம் பார்த்துக் கையொப்பமிட்டுத் தரும் ஐந்து நிமிட வேலை என்று கருதுகின்றனர். எங்களுக்கு அது ஒரு முழு மதிப்பீடு. கண்புரை உள்ளவருக்கு இரவில் விளக்கின் ஒளி சிதறித் தெரியும். வாசலில் நிற்பவர் பால்காரரா, பேரனா என்று அடையாளம் காண முடியாது. செவித்திறன் குறைந்தவருக்கு, “தாத்தா, நான்தான்” என்று கதவுக்கு வெளியிலிருந்து எழும் குரல் காதில் விழாது. இவை இரண்டையும் எளிதில் அளந்துவிடலாம். கண்டறியக் கடினமானவை வேறு.

‘பீரோவில் வைத்த வளையல் காணவில்லை, வேலைக்காரப் பெண் எடுத்துவிட்டாள்’, ‘மொட்டைமாடியில் ராத்திரி யாரோ நடக்கிறார்கள்’, ‘கீழ்வீட்டுக்காரன் நம் சாவியை வைத்திருக்கிறான்’ என்று பெரியவர் திரும்பத் திரும்பக் கூறினால், அது திருடனைப் பற்றிய செய்தி என்று உடனே கொள்ளாதீர்கள். டிமென்ஷியா எனப்படும் மறதிநோயில், பொருளை வைத்த இடம் நினைவிலிருந்து அகல்கிறது. பொருள் காணாமற்போனதற்கு மூளை ஒரு காரணம் தேடுகிறது. திருட்டு என்னும் விளக்கம் அந்த இடைவெளியை நிரப்புகிறது. லூயி உறை மறதிநோய் என்ற வகையில் ஆட்களும் குழந்தைகளும் விலங்குகளும் அறைக்குள் இருப்பதாகவே கண்ணுக்குத் தெரியும். பார்வை பெரிதும் குறைந்த சிலருக்கு மறதிநோய் இல்லாமலே இத்தகைய காட்சிகள் தோன்றுவதுண்டு. இவர்கள் பொய் சொல்வதில்லை. அவர்களுக்கு அந்த மனிதன் உண்மையிலேயே அங்கே நிற்கிறான்.

நேற்று வரை தெளிவாக இருந்தவர் ஓர் இரவில் குழம்பிவிடுவதும் உண்டு. சிறுநீர்த் தொற்று, நுரையீரல் அழற்சி, உடலில் உப்புச்சத்துக் குறைவு, நாள்பட்ட மலச்சிக்கல் இவற்றில் எதுவும் இதற்குப் போதும். சளிக்கும் ஒவ்வாமைக்கும் கடையில் வாங்கிய மாத்திரையோ, தூக்கத்துக்கு எடுக்கும் மாத்திரையோ கூடக் காரணமாகலாம். டெலிரியம் என்னும் இந்தத் திடீர்க் குழப்பம் மாலையிலும் இரவிலும் மிகும். மனைவியைப் பார்த்து “நீ யார்?” என்று கேட்பர். பார்க்கின்சன் நோயாளர் சிலர் கனவில் நடப்பதைத் தூக்கத்திலேயே நடித்துவிடுவர். கனவில் வந்த கள்வனை அடிப்பதாக எண்ணி அருகில் படுத்திருக்கும் துணைவரை அடித்துவிடுவதை அவர்தம் குடும்பங்கள் அறியும். அத்தகையவரின் தலையணைக்கடியில் துப்பாக்கி இருப்பதை எண்ணிப் பாருங்கள். மதிப்பீட்டின்போது பெரியவரின் துணைவியாரையும் பிள்ளைகளையும் தனியே அழைத்து, தூக்கத்தைப் பற்றிக் கேட்பது இதனால்தான்.

மன நிலையை இன்னும் கவனமாகக் கேட்கிறோம். துணையை இழந்த முதல் ஆண்டு, பணி ஓய்வு பெற்ற புதிது, புற்றுநோய் என்று அறிந்த மாதங்கள், தீராத வலி ஆகியவற்றில் சோர்வு நோய் எளிதில் நுழைகிறது. ஆண்களில் அது அழுகையாக வெளிப்படாமல் எரிச்சலாகவும், பேச்சுக் குறைவாகவும், ‘நான் யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது’ என்னும் சொல்லாகவும் வெளிப்படும். அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் மரணங்களில் பாதிக்கும் மேல் தற்கொலைகள் என்பதை, தந்தைக்குத் துப்பாக்கி பரிந்துரைக்கும் மகன் அறிந்திருப்பது நலம். அங்கு 1993ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஆய்வு ஒன்று, துப்பாக்கி உள்ள வீடுகளில் கொலை நேரும் வாய்ப்பு ஏறத்தாழ 2.7 மடங்கு கூடுதலாக இருந்ததாகக் கண்டது. கொன்றவர்களில் பெரும்பாலோர் குடும்பத்தினரும் அறிமுகமானவர்களுமே. இத்தகைய ஆய்வு ஒரு தொடர்பைக் காட்டுமேயன்றிக் காரணத்தை நிறுவிவிடாது. ஆயினும் வீட்டுக்குள் ஆயுதம் வந்தால் பாதுகாப்பு கூடும் என்ற நம்பிக்கைக்கு அது ஆதரவு தரவில்லை.

நம் ஊரிலேயே நிகழ்ந்த இரு செய்திகளை இங்கு நினைவுகூர்வது பொருந்தும். 2022 மே மாதம், அமெரிக்காவிலிருந்து திரும்பிய மயிலாப்பூர் முதிய தம்பதியர் தம் வீட்டிலேயே கொல்லப்பட்டனர். கைது செய்யப்பட்டவர், விமான நிலையத்திலிருந்து அவர்களை அழைத்துவந்த அவர்களுடைய ஓட்டுநரே. அவர் பூட்டை உடைத்து உள்ளே வரவில்லை, நம்பிக்கையானவராக வந்தார். பீரோவில் துப்பாக்கி இருந்திருந்தால் அதன் இருப்பிடத்தையும் அவரைப் போன்றோர் அறிந்திருப்பர். 2019 ஆகஸ்ட்டில் திருநெல்வேலி மாவட்டம் கடையம் அருகே, வீட்டு முற்றத்தில் அமர்ந்திருந்த பெரியவரின் கழுத்தைப் பின்னாலிருந்து துணியால் இறுக்கினான் ஒருவன். அவருடைய மனைவி ஓடிவந்து செருப்பையும் நாற்காலியையும் எறிய, அவரும் திமிறி எழுந்து நாற்காலியைத் தூக்க, அரிவாளுடன் வந்த இருவரும் ஒரு தங்கச் சங்கிலியுடன் ஓடினர். அந்தக் கண்காணிப்புக் காட்சியை நாடே கண்டது. சுதந்திர தின விழாவில் அரசு அத்தம்பதியரைப் பாராட்டியது. அவர்களைப் போல் எல்லோரும் எதிர்த்து நிற்க வேண்டும் என நாங்கள் கூறமாட்டோம். நகையை விட உயிர் பெரிது. நாங்கள் அக்காட்சியில் கவனித்தது வேறொன்று. தாக்குதல் கைக்கெட்டும் தொலைவில், முன்னறிவிப்பின்றித் தொடங்கியது. உள்ளே பூட்டி வைத்த துப்பாக்கியை எடுக்க அங்கு நேரமே இல்லை. உதவிக்கு வந்தவர் உடன் வாழ்ந்தவர்.

ஆகவே பணமும் முயற்சியும் கதவுக்குச் செல்லட்டும். மரக்கதவுக்கு முன் இரும்புக் கிராதிக் கதவு, கதவைத் திறக்காமலே வந்தவரைக் காணும் துளைக்கண்ணாடி அல்லது காமிரா மணி, வாசலிலும் பின்கட்டிலும் ஆள் நடமாட்டத்தில் தானே எரியும் விளக்கு ஆகியன முதல் தேவை. இவ்விளக்கு இரவில் கழிவறைக்குச் செல்லும்போது தடுக்கி விழாமலும் காக்கும். எங்களிடம் இடுப்பெலும்பு முறிந்து வருபவர்களின் எண்ணிக்கை திருடனால் காயமுற்று வருபவர்களை விடப் பன்மடங்கு. வீட்டுப் பணிக்கு அமர்த்துபவரின் அடையாள ஆவணத்தையும் முகவரியையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ள பணம், நகை, வெளிநாட்டுப் பயண நாள் ஆகியவற்றைப் பணியாளர் காதுபடப் பேச வேண்டாம். நகை வங்கிப் பெட்டகத்தில் இருக்கட்டும். தனித்து வாழும் முதியோரின் பட்டியலைக் காவல் நிலையம் வைத்திருக்க வேண்டும் என்பது மூத்த குடிமக்கள் நலச் சட்டத்தின் கீழ் அமைந்த விதி. உங்கள் பெற்றோரின் பெயர் அதில் உள்ளதா என்று ஒருமுறை நேரில் சென்று கேளுங்கள். தமிழ்நாடு காவல்துறையின் ‘காவல் உதவி’ செயலியில் அவசரப் பொத்தான் உண்டு. திறன்பேசி பழகாதவருக்கு, பெரிய எழுத்தில் 112 என எழுதித் தொலைபேசி அருகில் ஒட்டிவையுங்கள். மிளகுத் தெளிப்பானைச் சிலர் கேட்கின்றனர். அதற்கு உரிமம் தேவையில்லை. ஆனால் மூடிய அறையில் அடித்தால் அடித்தவருக்கும் மூச்சு முட்டும். ஆஸ்துமா உள்ளவருக்கு நாங்கள் அதைப் பரிந்துரைக்கமாட்டோம்.

சில வீடுகளில் துப்பாக்கி ஏற்கெனவே இருக்கும். தாத்தா காலத்து வேட்டைத் துப்பாக்கி, ஓய்வு பெற்ற இராணுவ அதிகாரியின் கைத்துப்பாக்கி என எதுவாயினும், பெரியவருக்கு மறதியோ சோர்வோ தலைப்பட்டவுடன் அதைப் பற்றிப் பேசிவிடுங்கள். உரிமதாரர் 70 வயதை எட்டினாலோ 25 ஆண்டுகள் ஆயுதத்தை வைத்திருந்தாலோ, அவர் வாழும்போதே சட்டப்படியான வாரிசின் பெயருக்கு உரிமம் கோரலாம் என்று 2016ஆம் ஆண்டு விதிகள் வழிவகுக்கின்றன. வாரிசுகளுக்கு விருப்பமில்லையெனில் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைக்கலாம். தேர்தல் வரும்போதெல்லாம் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துப் பழகிய பெரியவருக்கு இது புதிய செயலாகத் தோன்றாது. ‘உங்களிடமிருந்து பறிக்கிறோம்’ என்ற தொனி வேண்டாம்; ‘பேரன் பெயருக்கு மாற்றிவிடலாமா அப்பா’ என்று கேட்பது அவருடைய மதிப்பைக் காக்கும். அதுவரை குண்டுகளைத் தனியே, வேறொருவரின் சாவியில் பூட்டிவையுங்கள்.

புதிதாகத் துப்பாக்கி கேட்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, “அப்பா, ராத்திரி எந்தச் சத்தம் கேட்டுப் பயமா இருக்கு?” என்பது. மறுமொழியைக் குறுக்கிடாமல் கேளுங்கள். உண்மையில் எதிர்வீட்டில் திருட்டு நடந்திருக்கலாம். அப்படியானால் பூட்டையும் விளக்கையும் மாற்ற வேண்டும். அந்தச் சத்தம் வேறு எவருக்கும் கேட்கவில்லையென்றால், எப்போது தொடங்கியது, புதிதாக எந்த மாத்திரை சேர்ந்தது, பகலில் நினைவு எவ்வாறு உள்ளது என்று குறித்துக்கொண்டு அவரை எங்களிடமோ கிண்டியில் உள்ள தேசிய முதியோர் நல மையத்திலோ காட்டுங்கள். குழப்பம் ஒரே நாளில் தோன்றியிருந்தால் அன்றே அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். வாழ்வில் பிடிப்பில்லை என்ற பேச்சு எழுந்தால், அவரைத் தனியே விடாமல் 14416 என்ற டெலிமனாஸ் எண்ணையோ, 104 என்ற மாநில நல உதவி எண்ணையோ அழையுங்கள். இராஜா அண்ணாமலைபுரத்தில் 1986 முதல் இயங்கும் ‘சிநேகா’ அமைப்பிலும் பேசலாம். முதியோருக்கான பிற உதவிகளுக்கு 14567 என்ற எண் காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை இயங்குகிறது.