டி செல்லுக்குள் ஒரு கயிறிழுப்பு

சென்னையிலிருந்து மூன்று நாள் கடலில் மிதந்து வரும் கப்பல் அணைவது ஹேடோ துறையில். மூட்டை முடிச்சுகளுடன் இறங்கும் தமிழர்களில் பலர் அறியாதது: 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷார் நடத்திய 'அந்தமான் இல்லங்களில்' ஒன்று இங்கே இருந்தது. காட்டில் வாழ்ந்த பழங்குடியினருக்குச் சோறும் புகையிலையும் கொடுத்துப் பழக்கும் இடம். பழக்கத்தோடு நோயும் சேர்ந்தே வந்தது. 1877ல் தட்டம்மை கிரேட் அந்தமான் காடுகளெங்கும் பரவியது. 1858ல் தண்டனைக் குடியிருப்பு தொடங்கியபோது பல ஆயிரம் பேராக இருந்த கிரேட் அந்தமானியர், 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1961ல் 19 பேர். தட்டம்மை மட்டுமே காரணமல்ல. சிபிலிஸும் நிமோனியாவும் கைகொடுத்தன.

அவர்களுடைய ரத்தமே பலவீனமானது என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது அன்றைய அதிகாரிகளுக்கு வசதியாக இருந்தது. உண்மை வேறு. அந்தக் கிருமியை அதற்குமுன் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. ஊரே ஒரே வாரத்தில் படுத்துவிட்டால் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கவும் ஆளிருக்காது. உடலுக்குள் நடந்ததோ இன்னும் சிக்கலானது.

நோய் எதிர்ப்புப் படையில் ஆணையிடும் வேலை 'உதவி டி செல்' என்ற வெள்ளையணுவுடையது. அது தானாகக் கிருமியைக் கொல்வதில்லை. யார் எப்படிக் கொல்லவேண்டும் என்று மற்றவற்றுக்குச் சொல்லும். 1986ல் மாஸ்மன், காஃப்மன் ஆகியோர் எலிகளிடம் இவற்றில் இரு வகையைப் பிரித்துக் காட்டினார்கள். முதல் வகை, செல்லுக்குள் ஒளிந்திருக்கும் வைரஸ் போன்றவற்றுக்கு எதிரானது. இரண்டாவது வகை, குடற்புழுக்களுக்கு எதிரானது. ஆஸ்துமாவைக் கிளப்புவதும் இதுதான்.

இரண்டிலும் மரபணுக்கள் ஒன்றே. எதை வாசிப்பது என்பதில்தான் வித்தியாசம். டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட இடத்தைப் பற்றிக்கொண்டு, அருகிலுள்ள மரபணுவை இயங்கச் செய்யும் அல்லது அடக்கி வைக்கும் சில புரதங்கள் உண்டு. படியெடுப்புக் காரணிகள் என்று பெயர். இரண்டாம் வகைக்குத் தலைமைச் சுவிட்ச் காட்டா-3 என்பது 1997ல் யேல் பல்கலைக்கழகத்தில் தெரியவந்தது. 2000ல் ஹார்வர்டில் லாரி கிளிம்ச்சர் குழு கண்டுபிடித்த டி-பெட், முதல் வகைக்கு. இவை இரண்டும் ஒத்துப்போவதில்லை. டி-பெட், காட்டா-3ஐயே பிடித்து டி.என்.ஏ.வை நெருங்கவிடாமல் இழுத்து வைத்துக்கொள்ளும். எந்தப் பக்கம் வெல்லும் என்பதைச் சுற்றிலும் மிதக்கும் ரசாயனச் செய்திகள் முடிவு செய்கின்றன. இன்டர்லூக்கின்-12 இருந்தால் முதல் வகை. இன்டர்லூக்கின்-4 இருந்தால் இரண்டாவது. (இதேபோன்ற இன்னொரு சுவிட்சான ஃபாக்ஸ்பி-3, படையைக் கட்டுக்குள் வைப்பது. அது தொடர்பான ஆய்வுதான் 2025ல் மருத்துவ நோபல் பெற்றது.)

தட்டம்மையின் தந்திரம் இங்கேதான். சொறி தெரியும் நாட்களில் முதல் வகை பலமாக வேலை செய்து வைரஸை ஒடுக்கும். ஆனால் வைரஸ் இன்டர்லூக்கின்-12 சுரப்பைக் குறைத்துவிடுவதால், பின்னர் தராசு இரண்டாம் பக்கம் சாய்கிறது. பல வாரங்கள் நீடிக்கும் அந்த நிலையில் நிமோனியா போன்றவை எளிதாக நுழைகின்றன. போதாததற்கு, பழைய நோய்களின் நினைவைத் தாங்கும் செல்களையும் வைரஸ் அழிக்கிறது. சேமித்து வைத்த எதிர்ப்புப் புரதங்களில் 11 முதல் 73 சதவீதம் வரை போய்விடுகிறது என்றது 2019ல் வெளியான ஓர் ஆய்வு.

தடுப்பூசி செய்வது, ஆபத்தில்லாமல் அந்த நினைவை முன்கூட்டியே உண்டாக்குவது. ஒருமுறை பழகிய டி செல்லில் தேவையான மரபணுப் பகுதிகள் திறந்த நிலையிலேயே இருக்கும். அடுத்த முறை மணிக்கணக்கில் பதில் கொடுத்துவிடும்.

1999ல் ஜராவாக்களிடையே தட்டம்மை புகுந்தபோது, அவர்கள் காட்டைவிட்டு வெளியே வரத் தொடங்கி இரண்டாண்டுதான் ஆகியிருந்தது. 2011 கணக்கில் அவர்கள் 380 பேர். வடக்கு சென்டினல் தீவிலோ ஊசி போடப் போவதே நோயைக் கொண்டுபோவதாக முடியும். அதனால் அந்தத் தீவைச் சுற்றி 5 கடல் மைல் தூரத்துக்கு யாரும் நெருங்கக்கூடாது என்பது விதி.