சாவி அவரிடம், பொறுப்பு உங்களிடம்

வாசலில் கார் நிற்கிறது. மாதம் பிறந்தால் தவணை போகிறது. எப்போதாவது கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போவதைவிட்டால் அதற்கு வேலை இல்லை. "சும்மா நிக்கிற வண்டிதானே, செல்ஃப் டிரைவுக்கு விட்டா நாளைக்கு ரெண்டாயிரம் வரும், தவணையாவது கழியும்ல?" என்று யாராவது சொன்னால் நியாயமாகத்தான் படும். டீ சொல்லியாயிற்று, உட்காருங்கள். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முன்பின் தெரியாதவரிடம் காரைக் கொடுக்கிறோம் என்றதும் வருகிற முதல் பயம், கீறல் விழும், கிளட்ச் தேயும், சீட்டில் கறை படியும் என்பதுதான். எல்லாம் நடக்கும். ஆனால் அவை பட்டறையில் தீர்ந்துபோகிற செலவுகள். பட்டறையில் தீராத செலவு, ஆர்.சி. புத்தகத்தில் உங்கள் பெயர் இருப்பதால் வருவது. அதைப் புரிந்துகொள்ள நம்பர் பிளேட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து இருந்தால் சொந்த உபயோகம். நம் ஊர்ப் பேச்சில் ஓன் போர்டு. மஞ்சளில் கறுப்பு என்றால் டாக்சி, டி போர்டு. கறுப்பில் மஞ்சள் எழுத்து என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. டிரைவர் இல்லாமல் காரை மட்டும் வாடகைக்கு விடுவதற்கான பலகை அது. 1989-இல் மத்திய அரசு கொண்டுவந்த 'ரென்ட் எ கேப்' திட்டத்தின்கீழ் உரிமம் வாங்கியவர்களுக்கு உரியது. அந்த உரிமம் கேட்பவரிடம் குறைந்தது 50 கார்கள் இருக்க வேண்டும் என்பது திட்டத்தின் விதி. ஒரே ஒரு ஸ்விஃப்ட் வைத்திருப்பவருக்கு அந்தக் கதவு திறக்காது.

ஓன் போர்டை வாடகைக்கு விட்டால் என்ன ஆகும்? மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ஆம் பிரிவு, வாடகைக்கு ஓடும் வண்டிக்கு பெர்மிட் கேட்கிறது. பெர்மிட் இல்லாமல் ஓட்டுபவர் மட்டுமல்ல, ஓட்ட விடுபவரும் 192ஏ பிரிவில் மாட்டுவார். முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை. "ஊரே செய்யுதே, யாரைப் பிடிச்சாங்க?" என்பீர்கள். உண்மைதான், ரோட்டில் நிறுத்திப் பிடிப்பது குறைவு. விபத்து நடந்த பிறகுதான் இந்த பெர்மிட் விஷயம் வெளியே வரும்.

இப்போது இன்சூரன்ஸ் பாலிசியை எடுங்கள். முதல் பக்கத்தில் இருக்கிற தொகையை விடுங்கள். வண்டியை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று பொடி எழுத்தில் ஒரு பத்தி இருக்கும். சொந்தக் கார் பாலிசியில் அது விலக்கி வைக்கிற உபயோகங்களில் முதலில் நிற்பதே வாடகைதான். நண்பருக்கோ மச்சானுக்கோ காசு வாங்காமல் கொடுத்தால், அவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்கிறவரை பாலிசி உங்களோடு நிற்கும். வாடகை என்று கை நீட்டி வாங்கியதும் அது விலகி நிற்க வழி கிடைத்துவிடுகிறது. பொறுப்பு மட்டும் உங்களைவிட்டு நகராது.

"தேர்ட் பார்ட்டி கட்டாயம்தானே, கம்பெனி கொடுத்துத்தானே ஆகணும்?" நல்ல கேள்வி. அடிபட்டவர் குடும்பம் நடுத்தெருவில் நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸைச் சட்டம் கட்டாயமாக்கியது. ஆனால் அதே சட்டத்தின் 150-ஆம் பிரிவு, இன்சூரன்ஸ் கம்பெனி சொல்லக்கூடிய மறுப்புகளைப் பட்டியலிடுகிறது. பெர்மிட் இல்லாத வண்டி வாடகைக்கு ஓடியது என்பது அந்தப் பட்டியலில் உண்டு. 2018-இல் அம்ரித் பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், பெர்மிட் இல்லாமல் ஓட்டியது அடிப்படை மீறல் என்றது. முதலில் கம்பெனி பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட வேண்டும், பிறகு அதை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்பதுதான் அங்கே வந்த முடிவு. இறந்தவர் குடும்பத்துக்கு நியாயம் கிடைத்துவிடும். அதன்பின் கம்பெனி நோட்டீஸோடு உங்கள் வீட்டுக்கு வரும்.

எவ்வளவுக்கு வரும்? இதற்குக் கணக்கு இருக்கிறது. சர்லா வர்மா (2009), பிரணய் சேத்தி (2017) ஆகிய தீர்ப்புகள் வகுத்த முறையில்தான் விபத்து தீர்ப்பாயங்கள் இழப்பீட்டைக் கணக்கிடுகின்றன. நீங்கள் வாடகைக்கு விட்ட கார் மோதி, சொந்தத் தொழில் செய்கிற 30 வயதுக்காரர் ஒருவர் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மாத வருமானம் 30,000. மனைவி, இரண்டு குழந்தைகள், அம்மா என நான்கு பேர் அவரை நம்பியிருக்கிறார்கள். ஆண்டு வருமானம் 3.60 லட்சம். வருங்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டினால் 5.04 லட்சம். அவருடைய சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கைக் கழித்தால் 3.78 லட்சம். 30 வயதுக்குரிய பெருக்கு எண் 17. பெருக்கிப் பாருங்கள்: 64 லட்சத்து 26 ஆயிரம். ஈமச்சடங்குச் செலவு, வட்டி எல்லாம் இதற்கு மேல். நாளைக்கு 2,000 என்று ஒரு நாள்கூட விடாமல் வாடகைக்கு விட்டாலும் இந்தத் தொகையை எட்ட எட்டே முக்கால் ஆண்டு பிடிக்கும்.

"ஓட்டினது அவர்தானே, நான் வீட்டில்ல இருந்தேன்?" ஓட்டியவர் மேல் வழக்கு வரும், அவரும் இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார். ஆனால் அவர் எங்கே இருக்கிறார், கையில் என்ன இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. ஆர்.சி.யில் பெயர், முகவரி எல்லாம் தெளிவாக இருப்பவர் நீங்கள்தான். சட்டம் 'உரிமையாளர்' என்று சொல்வது பதிவில் உள்ள பெயரைத்தான். 2018-இல் வந்த நவீன் குமார் வழக்கில் காரை விற்று, அது கைமாறிக் கைமாறிப் போன பிறகும், பெயர் மாற்றாததால் முதல் உரிமையாளரையே உச்ச நீதிமன்றம் பொறுப்பாக்கியது. விற்றவருக்கே அந்தக் கதி என்றால், இரண்டு நாள் வாடகைக்கு விட்டவர் தப்ப வழியில்லை.

அடுத்து, வண்டியே போய்விட்டால். 2008-இல் உச்ச நீதிமன்றம் முடித்த நிதின் கண்டேல்வால் வழக்கைப் பாருங்கள். சொந்த உபயோகம் என்று இன்சூர் செய்த வண்டி டாக்சியாக ஓடும்போது பறிபோனது. கம்பெனி கைவிரித்தது. கடைசியில் முழுத் தொகை கிடைக்கவில்லை, 75 சதவீதம்தான் கிடைத்தது. அதற்கே மாவட்ட மன்றத்திலிருந்து டெல்லி வரை படியேற வேண்டியிருந்தது. வங்கித் தவணை அதுவரை காத்திருக்காது.

அங்காவது வண்டியைப் பறித்தார்கள். நம் ஊரில் அடிக்கடி செய்தியாக வருகிற மோசடியில் பறிப்பே கிடையாது. தெரிந்தவர் மூலம் ஒருவர் வருவார். கம்பெனிக்கு மாத வாடகைக்குக் கார் தேவைப்படுகிறது, மாதம் பிறந்தால் கணக்கில் பணம் விழும் என்பார். முதல் இரண்டு மூன்று மாதம் சொன்ன தேதிக்கு விழும். அதைப் பார்த்து உங்கள் மைத்துனரும் தன் காரைக் கொண்டுவந்து விடுவார். பிறகு பணம் நிற்கும், போன் அணையும். கார் வேறொரு மாவட்டத்தில், வட்டிக்குக் கொடுக்கிற ஒருவரிடம் இரண்டு மூன்று லட்சத்துக்கு அடகில் இருக்கும். ஜி.பி.எஸ். கருவியைக் கழற்றிப் போட்டிருப்பார்கள். அடகு பிடித்தவரோ, "நானும் பணம் கொடுத்து ஏமாந்தவன்தான்" என்பார்.

இதில் ஒரு சட்டச் சிக்கல் ஒளிந்திருக்கிறது. சாவியை நீங்களே கொடுத்ததால் போலீஸ் இதைத் திருட்டாகப் பார்க்காமல் போகலாம். பாரதிய நியாய சன்ஹிதாவில் திருட்டு 303-ஆம் பிரிவு; ஒப்படைத்த பொருளைத் தன்வசப்படுத்துகிற நம்பிக்கை மோசடி 316; ஏமாற்றுதல் 318. எஃப்.ஐ.ஆரில் 316-உம் 318-உம் மட்டும் இருந்தால், "எங்கள் பாலிசி திருட்டுக்குத்தான், நீங்கள் நம்பிக் கொடுத்ததற்கு இல்லை" என்று கம்பெனி வாதாட இடம் கிடைக்கிறது. வாடகை என்கிற ஓட்டை ஏற்கெனவே இருக்கிறது, இது இரண்டாவது.

மூன்றாவது ஆபத்து, வண்டி பத்திரமாக இருந்து அதில் ஏற்றுகிற சரக்கு தப்பாக இருப்பது. கஞ்சா, ரேஷன் அரிசி, மணல் என்று எதுவாகவும் இருக்கலாம். 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு, கடத்தலுக்குப் பயன்பட்ட வண்டியைப் பறிமுதல் செய்யச் சொல்கிறது. தப்ப வேண்டுமானால், தனக்குத் தெரியாமல் நடந்தது என்று உரிமையாளர் நிரூபிக்க வேண்டும். அதோடு முடியவில்லை. வண்டியைப் பொறுப்பில் வைத்திருந்தவருக்கும் தெரியாது, எல்லோரும் நியாயமான முன்னெச்சரிக்கை எடுத்தார்கள் என்றும் காட்டச் சொல்கிறது அந்தப் பிரிவின் வாசகம். பொறுப்பில் வைத்திருந்தவர் யார்? கஞ்சா கடத்தியவரேதான். கைப்பற்றிய வண்டிகளை நெடுநாள் காவல் நிலையத்தில் போட்டுவைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லியிருக்கிறது. ஏதாவது ஒரு ஸ்டேஷன் வாசலைக் கடந்து போனால் அதன் நிலவரம் தெரியும்.

ஆளைப் பார்த்துக் கொடுத்தால் சரியாகிவிடுமா? ஆள் பார்ப்பது அவசியம்தான், ஆனால் அதற்கு எல்லை உண்டு. 2025 ஜனவரி 1 அன்று அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் கூட்டத்துக்குள் புகுந்து 14 பேரைக் கொன்ற வண்டியும், அதே நாள் லாஸ் வேகஸில் ஒரு ஓட்டல் வாசலில் வெடித்த காரும் டூரோ என்கிற செயலி வழியாக வாடகைக்கு எடுக்கப்பட்டவை. எச்சரிக்கை தரும்படியான குற்றப் பின்னணி அந்த இருவருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை என்றது நிறுவனம். ஒருவர் நேற்றுவரை என்ன செய்தார் என்பதைத்தான் சரிபார்க்க முடியும்.

"அப்போ எழுத்துல அக்ரிமென்ட் போட்டுக்கலாமே?" பலரும் கவனிக்காத இடம் இதுதான். வண்டியை எத்தனை மணிக்கு, யாரிடம் கொடுத்தீர்கள் என்பதற்கு அந்தக் காகிதம்தான் சாட்சி. குற்றம் நடந்தால், யார் ஓட்டியது என்று உரிமையாளரிடம் போலீஸ் கேட்கும், 133-ஆம் பிரிவுப்படி நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும். அப்போது அது உங்களைக் காப்பாற்றும். ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு, வாடகைக்கு விட்டீர்கள் என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது. இதற்குப் பயந்து சிலர் காகிதமே போடாமல், "போலீஸ் கேட்டா ஃப்ரெண்டு வண்டின்னு சொல்லிருங்க" என்று சொல்லி அனுப்புகிறார்கள். அப்போது வண்டி திரும்பாவிட்டால் கையில் ஒன்றுமில்லை. ஜிபே-யில் வந்த வாடகையோ எப்படியும் பாங்க் கணக்கில் நிற்கிறது. காகிதம் இருந்தால் ஒரு பக்கம் அடி, இல்லாவிட்டால் இன்னொரு பக்கம். ஓன் போர்டில் வாடகை என்கிற அடிப்படையே கோணலாக இருக்கும்போது எந்தக் காகிதமும் அதை நிமிர்த்தாது.

செயலிகள் வழியாக விடுகிறவர்கள், "அவங்களே கவர் தர்றாங்க" என்பார்கள். தரலாம். அது உங்கள் கார் எண்ணைக் குறிப்பிட்டு, வாடகை ஓட்டத்தையும் சேர்த்து ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்த பாலிசியா, நிறுவனம் தன் நிபந்தனைகளில் எழுதிவைத்த வாக்குறுதியா என்று பாருங்கள். உச்சவரம்பு எவ்வளவு, மூன்றாம் நபர் இழப்பீடு சேருமா, வண்டி திரும்பாவிட்டால் என்ன என்று மூன்று கேள்வி கேளுங்கள். அமெரிக்காவின் கலிஃபோர்னியா இதற்கென்றே 2010-இல் சட்டம் போட்டது. வாடகையில் இருக்கும் நேரத்தில் பொறுப்பை நடத்துகிற நிறுவனம் ஏற்க வேண்டும், பகிர்ந்தார் என்பதற்காக மட்டும் உரிமையாளரின் பாலிசியை ரத்து செய்யக் கூடாது என்றது. நம்முடைய மோட்டார் வாகனச் சட்டம் அப்படி உங்களுக்காகக் கோடு கிழித்துத் தரவில்லை.

வருமானம் வேண்டும் என்றால் நேர்வழி உண்டு. ஆர்.டி.ஓ. ஆபீஸில் டி போர்டாக மாற்றி, பெர்மிட், எஃப்.சி., வணிக இன்சூரன்ஸ் எடுத்து, டிரைவர் போட்டு ஓட்டலாம். வரி கூடும், பிரீமியம் கூடும், கடன் கொடுத்த வங்கியின் சம்மதமும் வேண்டும். இதையெல்லாம் கழித்தபின் லாபம் நின்றால் அது தொழில். நிற்கவில்லை என்றால், வண்டியை விற்றுவிட்டுத் தேவைப்படும் நாளில் வாடகைக் கார் எடுப்பது மலிவு.

காசு வாங்காமல் கொடுத்தாலும் சில பழக்கங்கள் நல்லது. லைசென்ஸை பரிவாகன் தளத்தில் எண்ணும் பிறந்த தேதியும் போட்டுச் சரிபாருங்கள். லைசென்ஸ் இல்லாதவரை ஓட்ட விட்டால் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ 3 மாதம் வரை சிறையோ உண்டு. 18 வயது ஆகாத பையன் ஓட்டினால் 25,000 ரூபாய், 3 ஆண்டு வரை சிறை, 12 மாதம் பதிவு ரத்து. தெரியாமல் நடந்தது என்று நிரூபிக்கிற சுமை உங்களுடையது. கொடுக்கும்போது கிலோமீட்டர் தெரிய வீடியோ எடுங்கள். அசல் ஆர்.சி.யை வீட்டில் வையுங்கள். டிஜிலாக்கர் பிரதியே செல்லும். சொன்ன நேரத்துக்கு வண்டி வராமல் போனும் எடுக்கவில்லை என்றால், நாளைக்கு வரும் என்று இருக்காமல் அன்றே எழுத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். கம்பெனிக்கும் வங்கிக்கும் அன்றே மெயில் போடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் மனம் கேட்கவில்லை என்றால் ஒன்று செய்யுங்கள். உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரே வரியில் மெயில் அனுப்புங்கள்: 'என் காரைச் செல்ஃப் டிரைவ் வாடகைக்கு விட்டால் இந்த பாலிசி செல்லுமா?' செல்லும் என்று எழுத்தில் பதில் வந்தால் மேலே யோசிக்கலாம். பதிலே வரவில்லை என்றால், அதுவும் ஒரு பதில்தான். ஏஜென்ட் வாய்வார்த்தையாக, "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்" என்றால், அதையே கம்பெனி மெயிலில் எழுதித் தரச் சொல்லுங்கள். அது வரும்வரை சாவி உங்களிடமே இருக்கட்டும்.