பழைய கணினிகளுக்கு வாழ்நாள் நீட்டிப்பு: யுஎஸ்பி வழியாக இயங்குதளம் நிறுவுவது எப்படி?

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 ஆம் ஆண்டு அக்டோபர் 14 ஆம் தேதியுடன் நிறுத்திக்கொண்டதை அடுத்து, நல்ல நிலையில் உள்ள ஏராளமான கணினிகளின் எதிர்காலம் குறித்துக் கேள்வி எழுந்துள்ளது.

2021 இல் வெளியான விண்டோஸ் 11 இயங்குதளத்துக்கு, டிபிஎம் 2.0 எனப்படும் பாதுகாப்பு வசதியும், ஓரளவு புதிய செயலியும் தேவை. 2018 ஆம் ஆண்டுக்கு முன்னர் விற்பனையான கணினிகளில் பெரும்பாலானவை இந்த நிபந்தனைகளை நிறைவு செய்வதில்லை.

அக்கணினிகள் தொடர்ந்து இயங்கும் என்றாலும், பாதுகாப்புத் திருத்தங்கள் வராத கணினியில் வங்கிக் கணக்கு போன்றவற்றைக் கையாள்வது ஆபத்தானது. தனிநபர் பயனாளர்களுக்காக மேலும் ஓராண்டு காலத்துக்கு ஒரு நீட்டிப்புத் திட்டத்தை மைக்ரோசாஃப்ட் 2024 இல் அறிவித்தது. ஆயினும் அது தற்காலிக ஏற்பாடுதான்.

புதிய கணினி வாங்க இயலாதவர்களுக்கு உள்ள மற்றொரு வழி, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் வகை இயங்குதளம் ஒன்றை நிறுவிக்கொள்வதாகும். அதற்குத் தேவைப்படுவது 8 ஜிபி கொள்ளளவு கொண்ட ஒரு யுஎஸ்பி நினைவகம்.

வெறும் நகல் போதாது

இயங்குதளத்தை வழங்குவோர் அதனை ஐஎஸ்ஓ எனப்படும் ஒரே கோப்பாக இணையத்தில் வெளியிடுகின்றனர். அந்தக் கோப்பை யுஎஸ்பியில் அப்படியே நகலெடுத்து வைத்தால் கணினி அதிலிருந்து துவங்காது.

மின்சாரம் பாய்ந்தவுடன் முதலில் விழித்தெழுவது, தாய்ப்பலகையில் பதிந்துள்ள யுஇஎஃப்ஐ என்ற சிறு மென்பொருள். அது யுஎஸ்பியில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் துவக்க நிரலைத் தேடுகிறது. ஐஎஸ்ஓ கோப்பின் உள்ளடக்கத்தை அதற்கேற்ற வடிவில் எழுதித்தரும் பணியை ரூஃபஸ், எட்சர் போன்ற இலவச மென்பொருட்கள் செய்கின்றன. அப்போது யுஎஸ்பியில் முன்பிருந்த அனைத்தும் அழிந்துவிடும்.

பின்னர் யுஎஸ்பியைச் செருகி, கணினியை இயக்கியவுடன் எஃப்12, எஃப்2, எஸ்கேப் போன்ற விசைகளில் ஒன்றை அழுத்தி, யுஎஸ்பியிலிருந்து துவங்குமாறு தெரிவு செய்யவேண்டும். எந்த விசை என்பது தயாரிப்பாளருக்கு ஏற்ப மாறுபடும்.

உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவற்றை வன்தட்டில் நிறுவாமலேயே யுஎஸ்பியிலிருந்து இயக்கிப் பார்க்க முடியும். வைஃபை, ஒலி, அச்சுப்பொறி, தமிழ்த் தட்டச்சு ஆகியன சரியாக உள்ளனவா என்பதை அப்போதே சோதித்துக்கொள்ளலாம்.

கோப்பின் நம்பகத்தன்மை

இதில் பலரும் கவனிக்கத் தவறும் ஆபத்து ஒன்று உள்ளது. கணினியின் முழுக் கட்டுப்பாட்டையும் பெறப்போகும் மென்பொருள், பதிவிறக்கிய அந்த ஒரே கோப்பிலிருந்துதான் வருகிறது.

2016 ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் லினக்ஸ் மின்ட் இணையதளத்துக்குள் ஊடுருவியவர்கள், பதிவிறக்க இணைப்பை மாற்றி, இரகசிய நுழைவழி பொருத்தப்பட்ட போலி ஐஎஸ்ஓ கோப்புக்குப் பயனாளர்களைத் திருப்பிவிட்டனர். அதிகாரபூர்வ தளத்துக்குச் சென்றவர்களே ஏமாந்தனர்.

இதனைத் தவிர்க்க, ஒவ்வொரு ஐஎஸ்ஓ கோப்புக்கும் வெளியிடப்படும் எஸ்எச்ஏ-256 என்ற சரிபார்ப்பு எண்ணை, பதிவிறக்கிய கோப்பில் கணக்கிட்டுக் கிடைக்கும் எண்ணுடன் ஒப்பிடவேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் அக்கோப்பைப் பயன்படுத்தக் கூடாது. ஊடுருவியவர்கள் அந்த எண்ணையே மாற்றிவிடவும் கூடும் என்பதால், வெளியீட்டாளரின் டிஜிட்டல் கையொப்பத்தையும் சோதிப்பது மேலும் பாதுகாப்பானது.

நிறுவும் முன்பு

நிறுவும்போது வன்தட்டை முழுமையாக அழிக்கும் வாய்ப்பைத் தெரிவு செய்தால், புகைப்படங்களும் ஆவணங்களும் மறைந்துவிடும். எனவே அவற்றை முன்கூட்டியே வேறோர் இடத்தில் சேமித்து, அந்த நகல் திறக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளவேண்டும். வன்தட்டு பிட்லாக்கர் முறையில் பூட்டப்பட்டிருந்தால், அதன் மீட்பு எண்ணையும் குறித்து வைப்பது அவசியம்.

விண்டோஸுக்கென எழுதப்பட்ட எல்லா மென்பொருட்களும் லினக்ஸில் இயங்குவதில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. தொழிலுக்காக அத்தகைய மென்பொருளை நம்பியிருப்பவர்கள், அதற்கு மாற்று உள்ளதா என்பதை அறிந்த பின்னரே வன்தட்டில் கை வைப்பது நல்லது.