பெயர்ப்பலகை அப்படியே, முதலாளி வேறு

கடைக்கு ஓர் இணையத்தளம் வைத்திருப்பவர்கள் நம்மில் இன்று பலர். அதைச் செய்து தந்தவர் எல்லாவற்றையும் தானே எழுதுவதில்லை. பிறர் இலவசமாக வெளியிட்ட ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களையும் ஒரு வரியில் இணைத்துவிடுவார். வாடிக்கையாளர் தளத்தைத் திறந்ததும் அது எங்கோ உள்ள சேர்வரிலிருந்து வந்து அவரது பிரவுசரில் ஓடும்.

பொலிஃபில் டொட் ஐஓ அப்படியொன்று. பழைய பிரவுசர்களில் இல்லாத வசதிகளை இட்டு நிரப்புவது அதன் வேலை. 2024 பெப்ரவரியில் அந்த முகவரி ஒரு சீன நிறுவனத்துக்குக் கைமாறியது. சேவையை ஆரம்பித்த அண்ட்ரூ பெட்ஸ், அந்த முகவரி தனக்கு ஒருபோதும் சொந்தமாக இருந்ததில்லை, உடனே அகற்றிவிடுங்கள் என்று அறிவித்தார். கேளாதோர் ஏராளம். ஜூன் மாதம், 1 இலட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் இணைத்திருந்த அந்த முகவரியிலிருந்து கள்ள நிரல் வருவது தெரியவந்தது. கையடக்கத் தொலைபேசியில் வந்தவர்களை அது பந்தயத் தளங்களுக்குத் திருப்பியது. தளத்தின் நிர்வாகி பார்த்தால் மட்டும் அசையாது! கடைக்காரர் கண்ணுக்கு எல்லாம் ஒழுங்கு. வாங்க வந்தவரோ சூதாட்ட வாசலில். ஹலாலாகப் பிழைப்பவருக்கு இதைவிட அவமானம் வேண்டுமா? பெயர்ப்பலகை மாறாமல் முதலாளி மாறினால், பழைய நம்பிக்கையில் நாமும் கடன் கொடுத்திருப்போம்தானே.

அந்த மாதமே முகவரி முடக்கப்பட்டது.

எம்ஐடி அனுமதியில் வெளியான நிரல்களைப் பிரதியெடுத்து நமது சேர்வரிலேயே வைக்கலாம், தடையில்லை. நம் தளத்தில் வெளியிலிருந்து வருபவை எத்தனை என்று செய்து தந்த தம்பியிடம் கேட்டேன். ஐந்து என்றார். அதில் இரண்டு எதற்கென்று அவருக்கே தெரியவில்லை.