விக்டோரியா ஏரியை மூடும் ஆகாயத்தாமரை

ஆபிரிக்காவின் மிகப் பெரிய நன்னீர் ஏரியான விக்டோரியாவை உகண்டா, கென்யா, தன்சானியா ஆகிய மூன்று நாடுகள் பங்கிட்டுக் கொண்டுள்ளன. இலங்கைத் தீவை விடவும் பரந்த, ஏறத்தாழ 69,000 சதுர கிலோமீற்றர் விஸ்தீரணமுடைய இந்த ஏரியை மூன்று தசாப்தங்களுக்கும் மேலாக அல்லற்படுத்தி வருவது ஊதா நிறப் பூவுடைய ஒரு மிதக்கும் செடியாகும்.

தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட ஆகாயத்தாமரை, அதன் அழகுக்காகவே உலகெங்கும் கொண்டுசெல்லப்பட்டது. இங்கும் அது புதியதல்ல. அதனை ஒழிப்பதற்கென்றே 1909 ஆம் ஆண்டில் இலங்கையில் ஒரு கட்டளைச்சட்டம் இயற்றப்பட வேண்டியிருந்தது. விக்டோரியா ஏரியில் அது 1989 இல் காணப்பட்டது. ருவாண்டாவிலிருந்து வரும் ககேரா நதி அதனை இடையறாது ஏரிக்குள் கொண்டுவந்து சேர்த்தது. 1998 அளவில் 17 ஆயிரம் ஹெக்டேயருக்கும் அதிகமான நீர்ப்பரப்பு மூடுண்டு போயிற்று. கென்யாவின் கிசுமு துறைமுகத்தில் படகுப் போக்குவரத்து முடங்கியது. மீனவர்கள் வலை வீச வழியின்றித் தவித்தனர். உகண்டாவின் ஜின்ஜாவிலுள்ள நீர்மின் நிலையமும் பாதிப்புக்குத் தப்பவில்லை. செடிகளின் கீழே ஒட்சிசன் குன்றி மீன்கள் அருகின. நோய் பரப்பும் நத்தைகளோ பெருகின.

இதற்குப் பரிகாரமாக அச்செடியின் தாயகத்தைச் சேர்ந்த, அதன் எதிரியான ஒரு வகைக் கூன்வண்டு வரவழைக்கப்பட்டு, உகண்டாவில் 1995 இலும் கென்யாவில் 1997 இலும் விடப்பட்டது. இலையை வண்டு தின்னும். அதன் புழுக்கள் காம்பைத் துளைத்துச் செல்லும். 2000 ஆம் ஆண்டளவில் செடிகள் பெருமளவு அழிந்துபோயின. இது வண்டின் சாதனையா, 1997-98 இல் எல் நினோ கொணர்ந்த கடும் மழையினதும் அலைகளினதும் விளைவா என்பதில் விஞ்ஞானிகளிடையே இன்றும் கருத்தொற்றுமை இல்லை. இரண்டுக்கும் பங்குண்டு என்று கொள்வதே பொருத்தமாகத் தெரிகிறது.

எனினும் 2006 இன் இறுதியில் பெய்த பெருமழையைத் தொடர்ந்து செடி மீண்டும் தலைதூக்கியது. சேற்றில் புதைந்த விதைகள் பல வருடங்கள் உயிர்ப்புடன் இருக்கக்கூடியவை என்பது ஒரு காரணம். அதனிலும் பிரதானமான காரணம் ஏரிக்குக் கிடைக்கும் உணவாகும். நகரக் கழிவுநீர், விளைநிலங்களிலிருந்து கழுவப்படும் பசளை, காடழிந்த சரிவுகளிலிருந்து ஆறுகள் அள்ளிவரும் மண் ஆகியவற்றின் வழியே நைதரசனும் பொஸ்பரசும் ஓயாது வந்து சேருகின்றன. கரும்புத் தோட்டங்களுக்கூடாகப் பாயும் நியாண்டோ ஆறு கலக்கும் வினாம் வளைகுடா குறுகியதும் ஆழமற்றதுமாகையால், அங்கேயே பாதிப்பு அதிகம். ஊட்டம் மிகுந்த நீரில் வண்டு தின்பதை விட விரைவாகச் செடி தழைத்துவிடுகிறது. மடிந்த செடியும் அடியில் அழுகித் தன் ஊட்டத்தை நீருக்கே திருப்பிக் கொடுக்கிறது.

தென் ஆபிரிக்காவின் ஹார்ட்பீஸ்போர்ட் நீர்த்தேக்கம் இதற்கு நல்ல உதாரணம். ஜொஹன்னஸ்பேர்க்கின் கழிவுநீரைப் பெறும் அந்நீர்த்தேக்கத்தில் 1970 களின் பிற்பகுதியில் களைநாசினி தெளித்து ஆகாயத்தாமரை அழிக்கப்பட்டது. செடி போன இடத்தை, அதே ஊட்டத்தை உண்டு வளர்ந்த நச்சுப் பாசி பிடித்துக்கொண்டது.

களையை வாரி அகற்றும் இயந்திரங்களுக்குப் பணம் ஒதுக்குவது அரசியல்வாதிகளுக்கு இலகுவானது. படம் பிடித்துக் காட்டவும் உதவும். கிசுமுவினதும் கம்பாலாவினதும் கழிவுநீரைச் சுத்திகரிப்பது அவ்வாறானதல்ல. ககேராவின் மேற்படுகையோ ருவாண்டாவிலும் புருண்டியிலும் இருக்கிறது. அவ்விரு நாடுகளின் மலைச்சரிவுகளில் மண்ணரிப்புத் தொடரும் வரை, ஏரிக்கரை நாடுகள் மூன்றும் எத்தனை தொன் செடியை வாரினாலும் ஏரிக்கு ஊட்டம் வந்துகொண்டேயிருக்கும்.