மஞ்சள் நூடுல்ஸின் ரகசியம் உங்கள் ஆப்பச் சோடா டப்பாவில்! தெரியுமா?

ராமென் நூடுல்ஸ் ஏன் இளமஞ்சளாக இருக்கிறது? முட்டை சேர்த்திருப்பார்கள் என்றுதானே இத்தனை நாள் நினைத்தீர்கள்? சிலர் சேர்ப்பதுண்டு. ஆனால் துளி முட்டை இல்லாவிட்டாலும் அது மஞ்சள்தான்! கோதுமை மாவுக்குள் நிறமே காட்டாமல் ஒளிந்திருக்கும் சில பொருள்கள், காரம் பட்டதும் மஞ்சளாகிவிடும். மிளகாய்க் காரம் இல்லை, சோடா, சாம்பல் நீர் போன்ற வேதியியல் காரம். ஜப்பானியர் இதைக் கன்சுய் என்கிறார்கள். சீனாவின் லான்சோ நகரத்தில், பாலைச் செடி ஒன்றை எரித்த சாம்பலையே மாவில் கலந்து வந்தார்கள்!

லான்சோவில் நூடுல்ஸ் இழுக்கும் கைகாரர்கள் கத்தியைத் தொடுவதே இல்லை. மாவைக் கயிறுபோல நீட்டி, இரண்டாக மடித்து, மறுபடி இழுப்பார்கள். ஒவ்வொரு மடிப்புக்கும் இழைகள் இரட்டிப்பாகும். ஏழு மடிப்பில் 128. பன்னிரண்டு மடித்தால்? 4096 இழைகள்! மாவு அறாமல் நீள்வதற்குக் கைத்திறனோடு அந்தக் காரமும் துணை.

இந்தக் காரத்தின் வேலையை நம் வீட்டிலேயே பார்க்கலாம் என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். ஒரு லிட்டர் கொதிநீரில் ஒரு மேசைக்கரண்டி ஆப்பச் சோடா போட்டு, மெல்லிய ஸ்பாகெட்டியை வேகவையுங்கள். சட்டென்று நுரைத்துப் பொங்கும், பெரிய பாத்திரமாக எடுங்கள். வெந்ததும் வடித்து அலசினால், கடிக்கும்போது துள்ளுகிற ராமென் பதம் வந்திருக்கும். மாவு பிசைந்தே செய்ய ஆசையா? ஆப்பச் சோடாவைத் தட்டில் பரப்பி, 120 டிகிரி ஓவனில் ஒரு மணி நேரம் வையுங்கள். நீராவியும் கரியமில வாயுவும் வெளியேறி, அது இன்னும் வீரியமான சோடியம் கார்பனேட் ஆகிவிடும். 100 கிராம் மாவுக்கு 1 கிராம் போதும். கையால் தொடாதீர்கள், தோல் எரியும்.

இதே மஞ்சள் நூடுல்ஸைத்தான் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ் முஸ்லிம் கடைக்காரர்கள் தக்காளி சாஸ், மிளகாய், உருளைக்கிழங்கு, டோஃபு எல்லாம் போட்டு மீ கோரெங்காகக் கிளறுகிறார்கள். அந்தக் கடைகளுக்கு ‘மாமாக்’ கடை என்று பெயர். எங்கிருந்து வந்தது அந்தச் சொல்? நம் ‘மாமா’விலிருந்து! வீட்டில் செய்யும்போது ஒரே ஒரு எச்சரிக்கை: ஒரு ஈடுக்கு இரண்டு பேருக்கு மேல் போடாதீர்கள். நம் அடுப்பின் தீ அவ்வளவுதான் தாங்கும். கூட்டினால் தண்ணீர் விட்டு, வறுபட வேண்டியது வெந்துபோகும்.

சரி, கோதுமையை விடுங்கள். கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும் அந்தச் சீன நூடுல்ஸ் எதில் செய்தது? பாசிப்பயறு! பயறின் மாவுச்சத்தைத் தனியே பிரித்து, வேகவைத்து, குளிரவைத்து இறுக்கிவிடுகிறார்கள். அதனால்தான் சூப்பில் எவ்வளவு நேரம் கிடந்தாலும் எளிதில் கரைவதில்லை. ஜப்பானின் ஷிராதகி நூடுல்ஸ் இன்னும் வியப்பு. அந்தப் பெயருக்கு ‘வெள்ளை அருவி’ என்று பொருள். அதைத் தரும் கொன்யாக்கு கிழங்கோ நம் சேனைக்கிழங்கின் நேரடி உறவு! அதை இறுக வைப்பது எது? சுண்ணாம்பு! பாக்கெட்டைப் பிரித்ததும் ஒரு வாடை அடிக்கும். அலசிவிட்டு, எண்ணெயில்லாத வாணலியில் ஈரம் போக வறுத்தால் போய்விடும்.

தாய்லாந்தின் வறுத்த அரிசி நூடுல்ஸான பாட் தாய்க்குப் புளிப்பு தருவது நம் ரசத்துப் புளியேதான். அரிசி நூடுல்ஸைக் கொதிக்க வைக்காதீர்கள், சாதாரண நீரில் ஊறினாலே போதும். மிச்சத்தை வாணலி பார்த்துக்கொள்ளும்.

இன்னொன்று கேளுங்கள், எனக்கு இன்றும் சிலிர்க்கிற செய்தி. சீனாவின் சிங்ஹாய் மாகாணத்தில் லாஜியா என்ற இடம். சுமார் 4000 ஆண்டுகளுக்கு முன் பேரழிவு ஒன்று அந்த ஊரையே மண்ணுக்குள் புதைத்துவிட்டது. மூன்று மீட்டர் ஆழத்தில், கவிழ்ந்த மண்கிண்ணம் ஒன்றைத் தூக்கிப் பார்த்தால், உள்ளே மஞ்சள் நிறத்தில் நூடுல்ஸ்! 50 சென்டிமீட்டருக்கும் மேல் நீளம். 2005-இல் உலகத்துக்கு அறிவித்தார்கள். என்ன மாவு தெரியுமா? தினையும் பனிவரகும்!

ஆனால் தினையில் கோதுமையின் இழுவை கிடையாதே, எப்படி அவ்வளவு நீளமாக இழுத்தார்கள்? ஆய்வாளர்களுக்குள் இதில் பெரிய சர்ச்சை. பிற்பாடு, 2005-இல் அதை அறிவித்த ஆய்வாளர்களே தினை மாவை வைத்துச் செய்து பார்த்து ஒரு விடை சொன்னார்கள்: இழுத்திருக்க மாட்டார்கள், துளைகள் வழியே அழுத்திப் பிழிந்திருப்பார்கள். நம் வீட்டில் இடியாப்பம் பிழிகிறோமே, அதேபோல!