முத்திரை இருந்தால் போதுமா? உணவு ஏற்றுமதிக்கு பேலட் தேர்வு செய்வது எப்படி

திருவனந்தபுரம்: சரக்கு முதல் தரமாக இருந்தும், அதைத் தாங்கிச் சென்ற பலகையில் இருந்த குறையால் ஒரு கன்டெய்னர் முழுவதும் திருப்பி அனுப்பப்படலாம். உணவு மற்றும் வேளாண் பொருள் ஏற்றுமதியில் புதிதாக இறங்குவோர் பலர் இதை நம்புவதில்லை. மிளகின் காரத்தையும் முந்திரியின் நிறத்தையும் பலமுறை சோதிப்பவர்கள், மூட்டைகளை அடுக்கும் பேலட்டை லாரி வந்து நின்ற பிறகே தேடுகிறார்கள்.

பேலட் என்பது ஃபோர்க்லிஃப்ட் வாகனத்தின் இரு கரங்கள் நுழைவதற்கு ஏற்ற இடைவெளியுடன் செய்யப்பட்ட சரக்குத் தட்டு. பெரும்பாலும் மரத்தாலும், சில இடங்களில் பிளாஸ்டிக், உலோகம், அழுத்திய மரத்தூள், அட்டை ஆகியவற்றாலும் செய்யப்படுகிறது. 1200 மில்லிமீட்டர் நீளமும் 1000 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட தட்டு பரவலான அளவு. 20 அடி கன்டெய்னரில் இத்தகைய தட்டுகள் 10 அடங்கும். ஐரோப்பாவில் 1200-க்கு 800 என்ற அளவும் வழக்கில் உள்ளது.

விழிஞ்ஞம் சர்வதேசத் துறைமுகம் 2025 மே 2-ஆம் தேதி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அங்கு கையாளப்படுவதில் பெரும்பகுதி ஒரு கப்பலில் இருந்து மற்றொரு கப்பலுக்கு மாற்றப்படும் கன்டெய்னர்கள்தான் என்றாலும், கேரளத்தின் தென்பகுதியிலும் கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் விளைவதை இங்கிருந்தே நேரடியாகக் கப்பலேற்றும் எதிர்பார்ப்பு வலுத்துள்ளது. விமான நிலையம் வழியாகக் காய்கறியும் பழமும் வளைகுடா நாடுகளுக்குச் செல்வது நீண்ட கால வழக்கம். இந்தச் சூழலில் பேலட் பற்றிய ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வது ஏற்றுமதியாளருக்குப் பணத்தை மிச்சப்படுத்தும்.

முத்திரை சொல்வது என்ன?

மர பேலட்டின் பக்கவாட்டில் கோதுமைக் கதிர் போன்ற சின்னத்துடன் ஒரு முத்திரை காணப்படும். நாட்டின் குறியீடு, மரத்தைப் பக்குவப்படுத்திய நிறுவனத்தின் எண், பக்குவப்படுத்திய முறை ஆகியவை அதில் இருக்கும். சர்வதேச தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கையின் கீழ் 2002-ஆம் ஆண்டு ஏற்கப்பட்ட 'ஐஎஸ்பிஎம் 15' என்ற விதிமுறைப்படி இடப்படும் முத்திரை அது. மரத்தின் மையப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பம் தொடர்ந்து 30 நிமிடங்கள் எட்டியிருந்தால் 'எச்.டி.' என்றும், மெத்தில் புரோமைடு வாயுவால் புகையூட்டப்பட்டிருந்தால் 'எம்.பி.' என்றும் குறிக்கப்படும். இந்தியாவில் இப்பணியைச் செய்யும் நிறுவனங்களுக்கு, மத்திய வேளாண் அமைச்சகத்தின் கீழ் இயங்கும் தாவரப் பாதுகாப்பு, தனிமைப்படுத்தல் மற்றும் சேமிப்பு இயக்குநரகம் அங்கீகாரம் வழங்குகிறது.

இந்த விதி பிறந்ததற்குக் காரணம் காடுகளுக்கு நேர்ந்த இழப்பு. 1996-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் நிழல் மரங்களைத் துளைத்துக் கொன்றுகொண்டிருந்த ஆசிய நீள்கொம்பு வண்டு கண்டறியப்பட்டது. சீனாவில் இருந்து வந்த சரக்குகளின் மரப்பெட்டிகளுக்குள் அது பயணம் செய்திருந்தது. போர்ச்சுகலில் 1999-இல் பைன் மர நூற்புழு தென்பட்டது. 2002-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் பகுதியில் மரகத நிற வண்டு ஒன்று ஆஷ் மரங்களை அழிக்கத் தொடங்கியது தெரியவந்தது. மரத்துக்குள் ஒளிந்து வரும் உயிரிகளைக் கொல்வதே முத்திரையின் நோக்கம். அமெரிக்காவில் 2006 ஜூலை முதல் இவ்விதி முழுமையாக அமலில் உள்ளது. முத்திரை இல்லாத மரத்துடன் வரும் சரக்கு திருப்பி அனுப்பப்படுகிறது.

அதனால் முத்திரை தேவை. ஆனால் அந்த பேலட் சுத்தமானது என்றோ, உலர்ந்தது என்றோ, அதன் மேல் இதற்கு முன் பூச்சிமருந்து டிரம் ஏற்றப்படவில்லை என்றோ அந்த முத்திரை எங்கும் உறுதியளிக்கவில்லை. வெப்பமூட்டப்பட்ட மறுநாளே மழையில் நனைந்து, நாய் படுத்து, எண்ணெய் சிந்திய பேலட்டிலும் அதே முத்திரை அப்படியே இருக்கும். தாவர நலத்துக்கான சான்றை உணவுத் தூய்மைக்கான சான்றாக வாசிப்பதுதான் இத்துறையில் மிகப் பரவலான பிழை.

கேரளத்தின் ஈரம்

திருவனந்தபுரத்துக்கு இரண்டு பருவமழைகளும் உண்டு. காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தை ஒட்டி நிற்கும் நாட்களில், நன்கு உலர்த்திய மரம்கூட திறந்த கொட்டகையில் கிடந்தால் காற்றில் இருந்து நீரை உறிஞ்சி ஏறத்தாழ 18 சதவீத ஈரத்தை அடைந்துவிடும். 20 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் வசதியாக வளரும். வெப்பமூட்டுதல் வேறு, உலர்த்துதல் வேறு என்பதும் பலர் அறியாதது. பச்சை மரத்தையும் 56 டிகிரிக்குச் சூடாக்கி முத்திரை குத்திவிட முடியும். அதன் உள்ளே உள்ள நீர் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

இப்பகுதியில் மலிவாகக் கிடைப்பது ரப்பர் மரம். பால் வற்றிய தோட்டங்களில் வெட்டப்படும் இம்மரம் பெரும்பாவூர் போன்ற மையங்களில் ஒட்டுப்பலகையாகவும் பொதிப்பலகையாகவும் மாறுகிறது. மாவுச்சத்தும் சர்க்கரையும் மிகுந்த மரம் என்பதால், வெட்டிய சில நாட்களிலேயே நீலக்கறைப் பூஞ்சணமும் தூள் வண்டும் அதைத் தேடி வருகின்றன. இதைத் தடுக்க போராக்ஸ், போரிக் அமிலம் கலந்த கரைசலை அழுத்தத்தின் மூலம் மரத்துக்குள் செலுத்துகிறார்கள். தளவாடத்துக்கு அது நல்ல முறை. உணவுக்கான பேலட் என்றால், எந்த மருந்து செலுத்தப்பட்டது என்பதை விற்பவரிடம் எழுத்துமூலமாகக் கேட்டுப் பெற வேண்டும்.

ஈரம் எவ்வளவு சேதம் செய்யும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு போதும். உலர்ந்த நிலையில் 20 கிலோ மரம் உள்ள பேலட்டில் 35 சதவீத ஈரம் இருந்தால் அதில் 7 லிட்டர் நீர் உண்டு. பயணத்தின்போது அது 15 சதவீதமாகக் குறைந்தால் 4 லிட்டர் வெளியேறுகிறது. 10 பேலட்டுகளுக்கு 40 லிட்டர். மூடிய கன்டெய்னருக்குள் அந்த நீர் எங்கே போகும்? பகலில் ஆவியாகி, இரவில் குளிர்ந்த இரும்புக் கூரையில் படிந்து, சொட்டுச் சொட்டாக மூட்டைகளின் மேல் விழும். கப்பல் துறையில் இதைக் கன்டெய்னர் மழை என்றே அழைக்கிறார்கள். மிளகு, இஞ்சி, மஞ்சள் ஆகியவற்றில் பூஞ்சண நச்சான அஃப்லாடாக்சின் மொத்தம் கிலோவுக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு. வெயிலில் பக்குவமாகக் காய்ந்த மிளகை ஈரப் பலகையின் மேல் வைத்து அனுப்புபவர், வயலில் செய்த உழைப்பைக் கடலில் கரைக்கிறார்.

வாடை ஏறினால்

ஈரத்துடன் ரசாயனமும் சேர்ந்தால் விளைவு வேறு விதமாக இருக்கும். மரத்தில் பூஞ்சணத்தைத் தடுக்க சில நாடுகளில் டிரைபுரோமோஃபீனால் என்ற மருந்து பூசப்படுகிறது. அதை உண்டு செரிக்கும் சில பூஞ்சணங்கள் டிரைபுரோமோஅனிசோல் என்ற பொருளாக மாற்றுகின்றன. புழுங்கிய நாற்றம் கொண்ட அந்தப் பொருள், லட்சம் கோடியில் ஒரு சில பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். 2009 இறுதியிலும் 2010 தொடக்கத்திலும் அமெரிக்காவில் ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தின் மெக்நீல் நிறுவனம் டைலெனால் உள்ளிட்ட மருந்துகளைச் சந்தையில் இருந்து பெருமளவில் திரும்பப் பெற நேர்ந்தது. பொதிகளை ஏற்றி வந்த மர பேலட்டுகளில் இருந்து பரவிய இந்த நாற்றமே காரணம் என்று கண்டறியப்பட்டது. மூடிய புட்டிக்குள் இருந்த மாத்திரைக்கே இந்த நிலை என்றால், சணல் சாக்கில் இருக்கும் அரிசி, காபிக்கொட்டை, முந்திரி ஆகியவற்றின் நிலையை விளக்க வேண்டியதில்லை. நம் வீடுகளில் அரிசிப் பானைக்கு அருகில் மண்ணெண்ணெய் வைக்காததற்கும் இதே அறிவுதான் காரணம்.

மெத்தில் புரோமைடு பற்றியும் ஒரு சொல். ஓசோன் படலத்தைச் சிதைக்கும் இவ்வாயுவின் பயன்பாட்டை ஐரோப்பிய ஒன்றியம் 2010-இல் தன் எல்லைக்குள் நிறுத்திவிட்டது. தாவரத் தனிமைப்படுத்தல் தேவைக்கு மாண்ட்ரியல் உடன்படிக்கையில் விலக்கு இருப்பதால் வேறு நாடுகளில் இது தொடர்கிறது. உணவுக்கு வெப்ப முறையே ஏற்றது.

பிளாஸ்டிக் என்றால் பாதுகாப்பா?

மரம் அழுக்கு, பிளாஸ்டிக் தூய்மை என்று பொதுவாகக் கூறுவது பாதி உண்மை. பிளாஸ்டிக் பேலட்டுக்கு ஐஎஸ்பிஎம் முத்திரை தேவையில்லை, ஆணி இல்லை, சிம்பு இல்லை, நீரை உறிஞ்சாது, வெந்நீரும் சோப்புக்கரைசலும் கொண்டு கழுவலாம். இறால், மீன் பதப்படுத்தும் கூடங்களின் உட்பகுதியில் மரத்துக்குப் பெரும்பாலும் இடமில்லாததற்கு இதுவே காரணம். ஐரோப்பிய ஒன்றியம் 1997-இல் சுகாதாரக் குறைபாடுகளைச் சுட்டி இந்தியக் கடல் உணவுக்குச் சில மாதங்கள் தடை விதித்ததை கேரளத்தின் பதப்படுத்தும் துறை இன்றும் மறக்கவில்லை.

ஆனால் கழுவக்கூடியது என்பதும் கழுவப்பட்டது என்பதும் ஒன்றல்ல. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டீன் கிளைவர் என்ற நுண்ணுயிரியலாளர் 1990-களில் காய் வெட்டும் பலகைகளை ஆராய்ந்தார். உலர்ந்த மரத்தின் உள்ளே இழுக்கப்பட்ட கிருமிகள் பெருகாமல் மடிந்ததையும், கத்திக் கீறல் விழுந்த பிளாஸ்டிக் பலகையைச் சுத்தம் செய்வது கடினமாக இருந்ததையும் அவர் கண்டார். பேலட்டுக்கும் இந்தப் பாடம் பொருந்தும். விரிசல் விட்ட பிளாஸ்டிக் தட்டின் உள்கூட்டில் தேங்கும் கழுவுநீர், வெளியில் இருந்து பார்த்தால் தெரியாது. தட்டைச் சாய்த்து ஆட்டினால் ஓசை கேட்கும்.

பிளாஸ்டிக்கிலும் வகை உண்டு. சாதாரண பாலிபுரொப்பிலீன் கடுங்குளிரில் நொறுங்கும் தன்மை கொண்டது. எனவே மைனஸ் 18 டிகிரியில் வைக்கப்படும் உறைபொருளுக்கு அடர் பாலிஎத்திலீன் தட்டே பொருத்தம். மறுசுழற்சி பிளாஸ்டிக்கில் செய்த கறுப்புத் தட்டு விலை குறைவு. அதன் முந்தைய பிறவி எது என்பது தெரியாது. உணவை நேரடியாகத் தொடும் இடத்தில் அதைத் தவிர்ப்பதே அறிவு. தீப்பிடிக்காமல் இருக்க டெக்காபிடிஇ என்ற ரசாயனம் பிளாஸ்டிக் பேலட்டில் கலக்கப்பட்டது அமெரிக்காவில் சர்ச்சையாகி, மெய்ன் மாநிலம் 2010-இல் அதற்கு எதிராகச் சட்டமே இயற்றியது.

இன்னொரு விலையும் இருக்கிறது. விழிஞ்ஞத்தில் இருந்து கொச்சிக்குச் சென்ற எம்எஸ்சி எல்சா 3 கப்பல் 2025 மே 25-ஆம் தேதி கேரளக் கடலில் மூழ்கியபின், பிளாஸ்டிக் மூலப்பொருளான சிறு மணிகள் திருவனந்தபுரம் கடற்கரைகளில் குவிந்தன. மணலில் இருந்து அவற்றைச் சலித்தெடுத்த தன்னார்வலர்களுக்கு, ஒருமுறை மட்டும் பயன்படுத்தி வெளிநாட்டில் விடப்படும் பிளாஸ்டிக் பேலட் மலிவான பொருளாகத் தோன்றாது.

எதற்கு எது?

பேலட் திரும்பி வருமா, வராதா என்பதே முதல் கேள்வி. தொழிற்சாலைக்கும் குளிர்பதனக் கிடங்குக்கும் இடையே சுழலும் தட்டு என்றால் விலை அதிகமானாலும் தரமான பிளாஸ்டிக்கே லாபம். பல ஆண்டுகள் உழைக்கும். கடல் கடந்து போய்த் திரும்பாத தட்டுக்கு அந்தச் செலவு வீண். உலர்ந்த மசாலா, முந்திரி, பாக்கெட்டில் அடைத்த நேந்திரங்காய் வறுவல் ஆகியவற்றுக்கு, உலர்த்தி வெப்பமூட்டிய புதிய மர பேலட்டும் அதன் மேல் ஒரு உணவுத்தர அட்டை விரிப்பும் போதுமானவை. ஒட்டுப்பலகை, அழுத்திய மரத்தூள் ஆகியவற்றில் மட்டுமே செய்த தட்டுகளுக்கும் முத்திரை விலக்கு உண்டு. ஆனால் ஈரத்தில் அவை ஊதிவிடக் கூடும்.

விமானச் சரக்கு வேறு கதை. சாலை சந்தையிலும் தமிழகத்தில் இருந்து வரும் லாரிகளிலும் இருந்து சேரும் காய்கறி, அட்டைப்பெட்டிகளில் அடைக்கப்பட்டு விமான நிறுவனத்தின் அலுமினியத் தகட்டின் மேல் வலை போட்டுக் கட்டப்படுகிறது. அங்கே எடை ஒவ்வொரு கிலோவுக்கும் கட்டணம். எனினும் பெட்டிகளுக்கு அடியில் முட்டுக்கொடுக்கச் செருகப்படும் மரத்துண்டுக்கும் ஐஎஸ்பிஎம் விதி பொருந்தும். பேலட்டைச் சரிபார்த்தவர்கள் இந்தத் துண்டை மறந்துவிடுகிறார்கள்.

வாடகைக்குச் சுழலும் பொது பேலட்டுகள் சிக்கனமானவைதான். அவற்றின் முந்தைய சரக்கு எதுவென்ற பதிவு கிடைக்காவிட்டால் உணவுக்கு வாங்காமல் இருப்பது நல்லது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2016-இல் வெளியிட்ட சுகாதாரப் போக்குவரத்து விதி, பேலட்டையும் போக்குவரத்துச் சாதனமாகவே கணக்கில் கொள்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2011-ஆம் ஆண்டு விதிகளும் உணவுப்பொருளைத் தரையில் இருந்து உயர்த்தி, சுவரில் இருந்து விலக்கி வைக்கச் சொல்கின்றன.

கேரளத்துக்கே உரிய ஒரு வழியும் உள்ளது. தேங்காய் மட்டையில் இயல்பாக உள்ள லிக்னின் என்ற பொருளையே பசையாகக் கொண்டு, வெப்பத்திலும் அழுத்தத்திலும் பலகை செய்யும் முறையை நெதர்லாந்தின் வாகனிங்கன் ஆய்வாளர்கள் உருவாக்கினர். அதன் அடிப்படையில் கோகோபேலட் என்ற டச்சு நிறுவனம் மட்டையில் இருந்து பேலட் தயாரிக்க முனைந்தது. ஒன்றினுள் ஒன்று அடுக்கக்கூடியது, பசையோ ஆணியோ வேண்டாதது. தென்னையும் கயிறுத் தொழிலும் நிறைந்த மாநிலத்தில் மூலப்பொருளுக்குப் பஞ்சமில்லை.

வாங்கும் இடத்தில் செய்யக்கூடிய சோதனைகள் எளியவை. ஈரமானியின் இரு முனைகளை மரத்தில் குத்தினால் எண் தெரிந்துவிடும். 20-க்கு மேல் என்றால் திருப்பி அனுப்பலாம். முத்திரை எதிரெதிரான இரு பக்கங்களிலாவது இருக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புதுப்பலகை மாற்றப்பட்ட தட்டில் பழைய முத்திரையை அழித்து, மீண்டும் வெப்பமூட்டிப் புதிதாகக் குத்தியிருக்க வேண்டும். பட்டை ஒட்டியிருக்கிறதா, ஆணித்தலை துருத்துகிறதா, பலகை இடுக்கில் வெண்தூள் உதிர்கிறதா என்று பார்த்துவிட்டு, கடைசியாக முகர்ந்து பார்க்க வேண்டும். இத்தனையையும் சரக்கு அடுக்குவதற்கு முன், கூரைக்கு அடியில் செய்வது முக்கியம். தேர்ந்தெடுத்த பேலட்டை மழை தூறும் முற்றத்தில் ஓர் இரவு விட்டால், மறுநாள் ஈரமானி வேறு எண்ணைக் காட்டும்.